ஒன்பது பேரில் நால்வர்தான் வாசிக்கிறார்கள்: இந்தப் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

#1 நொய்யல்கரை · ஞாயிறு, இரவு 9.10

திருப்பூருக்கு வெளியே ஓர் ஊராட்சியில் குடியிருக்கிறோம். நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மனைவி அங்கேயே செக்கிங். மகளுக்கு மே மாதம் ஐந்து வயது நிறைகிறது. இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். எங்கள் தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் ஆறு பேர். ஆறு பேரும் மூன்று வயதிலேயே வேனில் ஏறிவிட்டார்கள். காலையில் மஞ்சள் வேன் வந்து நிற்கும்போது இவள் வாசற்படியில் உட்கார்ந்து அவர்களுக்குக் கையசைக்கிறாள். "இன்னுமா சேர்க்கவில்லை?" என்று கேட்காத ஆள் இல்லை.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து மூன்று நிமிட நடை. போன வெள்ளிக்கிழமை அங்கே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. நான் உறுப்பினர் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். தலைமை ஆசிரியை எதையும் மூடி மறைக்கவில்லை. மொத்தம் 43 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர். அவர்களில் நால்வர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள் என்றார். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை ஐந்து பேர் செய்கிறார்களாம்.

பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரித்தேன். 16 பேர் பீகார், ஒடிசா பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். ஒன்பது பேர் தேனி, பெரம்பலூர் பக்கமிருந்து பிழைக்க வந்து லைன் வீடுகளில் இருப்பவர்கள். 18 பேர் காலனி. சொந்த ஊர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

தனியார் பள்ளியில் ஆண்டுக்கு முப்பதாயிரம் கேட்கிறார்கள்; வேன் கட்டணம் தனி. கட்ட முடியாது என்றில்லை, கட்டினால் மற்றது எல்லாம் இழுபறிதான். மாமனார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்திலா விடப் போகிறீர்கள், மாப்பிள்ளை?" அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 எதிர்வாதி · ஞாயிறு, இரவு 9.32

ஒன்பதில் நான்கு என்றால் 44 விழுக்காடு. மூன்று ஆண்டுகள் பள்ளிக்கு வந்த பிறகு பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை. இதற்கு மேல் என்ன ஆலோசனை வேண்டும்? உங்கள் கொள்கைக்கு உங்கள் பிள்ளையை விலையாகக் கொடுக்காதீர்கள்.

#3 கணக்குப்பிள்ளை · ஞாயிறு, இரவு 10.05

எதிர்வாதி, ஒன்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பதே 11 விழுக்காடு. பீகார் குடும்பம் ஒன்று சத் பூஜைக்கு ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டால் இந்தப் பள்ளியின் 'தேர்ச்சி' ஒரே இரவில் 50 விழுக்காடு ஆகிவிடும். அதற்காக அங்கே கற்பித்தல் மேம்பட்டுவிட்டது என்று சொல்வீர்களா? இவ்வளவு சிறிய வகுப்புக்கு விழுக்காடு போடுவதே தவறு. பேர் பேராகத்தான் பார்க்க வேண்டும்.

சரி, விழுக்காடுதான் வேண்டும் என்றால் பெரிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். 'அசர்' ஆய்வுக்காரர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என்று நான்கு படிகள். 2022-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசித்தவர்கள் 4.8 விழுக்காடு. ஐந்தாம் வகுப்பில் 25.2 விழுக்காடு. இதில் வேனில் போகிற பிள்ளைகளும் அடக்கம்.

அந்த எண்ணைப் பார்த்து அன்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். யாரைச் சோதித்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. 2022-இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020-இல். அந்த ஆண்டு பள்ளி திறக்கவே இல்லை. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒமைக்ரான் வந்து ஜனவரியில் மறுபடியும் மூடினார்கள். அதாவது மூன்றாம் வகுப்பு என்று பெயர், உண்மையில் பள்ளியில் உட்கார்ந்தது ஓராண்டுகூடத் தேறாது.

இன்னொன்றும் உண்டு. அதே ஆய்வில் 2018-க்கும் 2022-க்கும் இடையில் அரசுப் பள்ளியில் படிப்போரின் பங்கு 67 விழுக்காட்டிலிருந்து 75-ஐத் தாண்டியது. வருமானம் இழந்த குடும்பங்கள் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தன. ஓராண்டில் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களே மாறிவிடுகிறார்கள். போன ஆண்டு எண்ணையும் இந்த ஆண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஆசிரியருக்கு மதிப்பெண் போடுகிறோம்.

#4 சாக்பீஸ் · திங்கள், காலை 6.20

நான் இதே மாவட்டத்தில் வேறொரு ஒன்றியத்தில் இடைநிலை ஆசிரியை. பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் ஊர்ப் பள்ளியை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் வருகைப் பதிவேட்டைத்தான் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்களோ என்று இருந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர் என்றால் ஒன்பது பேரும் ஒன்றாகத் தொடங்கியவர்கள் இல்லை. என் வகுப்பைச் சொல்கிறேன். 11 பேர். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னிடம் இருப்பவர்கள் ஆறு பேர். இருவர் இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்தார்கள். ஒருவன் தீபாவளிக்குப் பிறகு வந்தான், மாற்றுச் சான்றிதழ் இல்லை. தேனிப் பக்கம் ஒரு பள்ளியில் படித்ததாக அவன் அப்பா சொன்னார், எந்தப் பள்ளி என்று அவருக்கு நினைவில்லை. இருவர் இதற்கு முன் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. வயதைப் பார்த்து வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும், சட்டம் அப்படி. அதுதான் சரி என்றும் நினைக்கிறேன். எட்டு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டாம் நாள் வரமாட்டான். ஆனால் அவன் பெயர் பதிவேட்டில் ஏறிய அன்றே அவனும் எங்கள் 'மூன்றாம் வகுப்புத் தேர்ச்சி'யில் ஒருவன்.

2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, வகுப்பைப் பார்க்காமல் நிலைக்கேற்பப் பாடம். குறை சொல்ல எனக்கும் நிறைய இருக்கிறது, முக்கியமாகக் கைப்பேசியில் ஓயாமல் பதிவேற்றச் சொல்வது. ஆனாலும் மூன்றாம் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையை 'அரும்பு' என்று கூச்சமில்லாமல் எழுத அனுமதித்த முதல் திட்டம் அதுதான். முன்பெல்லாம் எழுதினால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 'மு' வரிசைக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தேன். முறம். தமிழ் பேசும் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் அது என்னவென்றே தெரியவில்லை. ஒருவன் தட்டு என்றான், ஒருத்தி கூடை என்றாள். வந்து ஒரு மாதம்கூட ஆகாத பீகார்ச் சிறுமி சட்டென்று எழுந்து "சூப்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அவளுக்குப் பசி போலிருக்கிறது என்று. அவள் உட்கார்ந்துவிட்டாள், அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. மாலையில் அவளை அழைத்துப் போக வந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவரும் "சூப்" என்றார். அவர்கள் மொழியில் முறத்துக்கு அதுதான் பெயராம். சத் பூஜைக்குப் பழமெல்லாம் அதில்தான் வைத்துப் படைப்பார்களாம். வகுப்பிலேயே சரியான விடை சொன்னவள் அவள் ஒருத்திதான். அன்றைய மதிப்பீட்டில் அவளுக்கு நான் போட்டது: 'படத்தை அடையாளம் காண இயலவில்லை'.

மறுநாள் திருத்தினேன். ஆனால் திருத்தாத மதிப்பீடுகள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

#5 எதிர்வாதி · திங்கள், காலை 8.02

உருக்கமான கதை, டீச்சர். மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் தன் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார். "எங்களிடம் வருகிற பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள்" என்பது பதிலா, சாக்கா? மருத்துவமனையில் போய் "ஏன் இத்தனை பேர் குணமாகவில்லை?" என்றால் "வருகிறவர்கள் எல்லாம் நோயாளிகள்" என்று சொல்வது போல இருக்கிறது.

வழக்கமான கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் சொந்தப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

#6 ஓய்வூதியர் · திங்கள், காலை 8.15

இந்தக் கேள்வி இல்லாமல் இந்த நாட்டில் ஓர் ஆசிரியரிடம் யாரும் பேசியதில்லை.

#7 சாக்பீஸ் · திங்கள், இரவு 8.45

பதில் சொல்கிறேன். மகன் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தான். அப்போது நான் வேலை பார்த்த ஊர் இரண்டு பஸ் மாறிப் போகும் தொலைவில் இருந்தது. கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. இது பாதிக் காரணம். மீதிப் பாதி நீங்கள் நினைப்பதுதான். மகளை ஐந்தாம் வகுப்பு வரை என் பள்ளியிலேயே வைத்துக்கொண்டேன். இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

சாக்கு என்ற சொல்லுக்கும் பதில் உண்டு. என் வகுப்பில் வாசிக்கத் திணறுபவர்கள் ஐந்து பேர். அவர்களில் நடுவில் வந்தவர்கள் மூவர். மற்ற இருவர் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னிடமே இருப்பவர்கள், தமிழ்தான் தாய்மொழி, வருகையும் குறைவில்லை. ஒருத்திக்குக் கண் பார்வைக் கோளாறு என்று போன மாதம்தான் தெரிந்தது, இரண்டரை ஆண்டுகள் கழித்து. இன்னொருவன் அமைதியான பையன், தொந்தரவே தரமாட்டான். அதனாலேயே என் பார்வையிலிருந்து நழுவிவிட்டான். அந்த இருவர் என் கணக்கு. பீகார் மேலும் கொரோனா மேலும் நான் அதைப் போட மாட்டேன்.

உங்கள் ஊர்த் தலைமை ஆசிரியையிடம் கேட்க வேண்டிய கேள்வி இது, நொய்யல்கரை: வாசிக்காத ஐந்து பேரில் ஒன்றாம் வகுப்பிலிருந்து இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

#8 கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 9.20

எதிர்வாதியின் மருத்துவமனை உவமை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. பெரிய மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தைச் சின்ன மருத்துவமனையோடு அப்படியே ஒப்பிட மாட்டார்கள். எந்த நிலையில் வந்தார் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிடுவார்கள். பள்ளிக்கு மட்டும் அதைச் செய்வதில்லை.

செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. 2008-இல் தொடங்கி ஆந்திரத்தில் ஐந்து மாவட்டங்கள், 180 கிராமங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைத் தாங்களே கட்டுவதாகச் சொல்லி, விரும்பிய குடும்பங்களில் குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தார்கள். குலுக்கல் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான குடும்பங்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நான்கு ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. அரசுப் பள்ளியில் அவ்வளவாகச் சொல்லித் தராத இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். ஆக, வேன் பள்ளியின் மதிப்பெண்ணில் நாம் பார்க்கும் உயரத்தின் பெரும்பகுதி வேனில் ஏறுவதற்கு முன்பே வீட்டில் இருந்தது.

#9 எதிர்வாதி · திங்கள், இரவு 9.41

அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று மடங்குக்கு மேல் செலவழித்து அதே விளைச்சல் என்றால் அது பெருமையா? தெலுங்குக்கும் கணக்குக்கும் அங்கே குறைந்த நேரம் ஒதுக்கியும் பிள்ளைகள் பின்தங்கவில்லை. மிச்ச நேரத்தில் இந்தி கற்றார்கள். எனக்கும் படிக்கத் தெரியும், கணக்குப்பிள்ளை.

#10 கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 9.50

ஒப்புக்கொள்கிறேன். செலவு குறைந்ததற்கு முதற்காரணம் அங்குள்ள ஆசிரியர்களின் சம்பளம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நொய்யல்கரைக்கு அரசின் செலவு பற்றிய கவலை இல்லை. அவர் பையிலிருந்து போகும் முப்பதாயிரம் எதை வாங்கித் தருகிறது என்பதுதான் அவர் கேள்வி.

#11 செல்லாயிபேத்தி · திங்கள், இரவு 11.30

எல்லோரும் வாசிப்பு விழுக்காட்டில் நின்றுவிட்டீர்கள். நான் முதல் பதிவிலேயே நின்றுவிட்டேன்.

"18 பேர் காலனி. சொந்த ஊர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை."

காலனியில் இருப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள், அண்ணா? என் பாட்டி செல்லாயி பிறந்து, வாழ்க்கைப்பட்டு, செத்தது எல்லாம் ஒரே ஊரில். அவரைவிடச் சொந்த ஊர்க்காரர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வேண்டுமென்று எழுதவில்லை என்று தெரிகிறது. வேண்டுமென்று எழுதாததுதான் எனக்கு உறுத்துகிறது.

நான் படித்ததும் இப்படி ஒரு தொடக்கப் பள்ளிதான். ஈரோடு மாவட்டம். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது வகுப்பில் ஊர்த்தெருப் பிள்ளைகள் பாதி, நாங்கள் பாதி. ஐந்தாம் வகுப்பு முடித்தபோது நாங்கள் மட்டும் இருந்தோம். பள்ளி மாறவில்லை, அதே டீச்சர், அதே வேப்பமரம். முதலில் ஒரு வீட்டில் வேன் வந்தது. அடுத்த ஆண்டு நான்கு வீட்டில். ஆங்கிலத்துக்காக என்று சொன்னார்கள். ஆங்கிலமும் ஒரு காரணம்தான். ஆனால் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்த தோழியின் அம்மா எங்கள் வீட்டு வாசலிலேயே சொன்னார், "இனிமேல் அங்கே யார் இருக்கிறார்கள், எல்லாம் உங்கள் பிள்ளைகள்தானே" என்று. நாங்கள் இருந்தால் 'யாரும் இல்லை' என்று பொருள்.

ஆகவே ஒரு பள்ளியில் யார் படிக்கிறார்கள் என்பது வானத்திலிருந்து விழுந்த புள்ளிவிவரம் இல்லை. வெளியேறிப் போனவர்கள் உண்டாக்கியது. பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று இருக்கும். ஊர் வாயில் அது காலனிப் பள்ளிக்கூடம். உங்கள் மாமனார் 'அந்தப் பள்ளிக்கூடம்' என்று சொன்னதில் 'அந்த' என்பது எதைக் குறிக்கிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். வாசிப்பு விழுக்காட்டை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

#12 நெறியாளர் · செவ்வாய், காலை 7.00

வடமாநிலக் குடும்பங்களைப் பற்றிய இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளும் இந்த ஊர்ப் பள்ளியில் படிப்பவர்கள்தான். இழை பேசுபொருளிலேயே போகட்டும்.

#13 நொய்யல்கரை · செவ்வாய், காலை 7.25

செல்லாயிபேத்தி, மன்னித்துவிடுங்கள், தங்கையே. நேற்றிரவு படித்துவிட்டு என் பதிவை மறுபடியும் படித்தேன். அழித்துவிடலாம் என்று கை போனது. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

மாமனாரிடம் கேட்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

#14 ஓய்வூதியர் · செவ்வாய், காலை 10.40

தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பழங்கதை பேசுவதாக நினைத்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

1982-இல் சத்துணவு வந்த ஆண்டு நான் பணியில் சேர்ந்தேன். அப்போது ஊராட்சித் தலைவர் மகனும் அவர் தோட்டத்தில் பண்ணையம் பார்த்தவர் மகனும் என் வகுப்பில்தான் இருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரே அறையில் இருந்தார்கள். அதனால் கூரை ஒழுகினால் தலைவர் வீட்டுக்கும் தெரியும். இன்று ஒழுகினால் யாருக்குத் தெரியும்? அறைகள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன என்பது வேறு விஷயம். கேட்பதற்குக் குரல் உள்ள வீடு எதுவும் பள்ளிக்குள் இல்லை, இதுதான் மாற்றம்.

சட்டமும் தன் பங்குக்கு ஒரு கதவைத் திறந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம், கட்டணம் அரசு கட்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நல்லதுதான், யார் மறுப்பார்கள்? ஆனால் ஒவ்வோர் ஆண்டும் படிவம் நிரப்பி, வருமானச் சான்றிதழ் வாங்கி, குலுக்கலுக்குக் காத்திருக்கும் சுறுசுறுப்பான தாய் யாரோ, அவருடைய பிள்ளைதான் முதலில் எங்களைவிட்டுப் போகும். அந்தத் தாய்தான் எங்கள் கூட்டங்களில் கேள்வி கேட்டிருப்பார்.

தனியார் பள்ளி மூன்று வயதில் கதவைத் திறக்கிறது. எங்கள் கதவு ஐந்து வயதில்தான். நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்குக் கேட்கும்போது முடிவு எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகள் 2,381-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். உங்கள் ஊர் போன்ற தொடக்கப் பள்ளிக்கு அது எட்டவில்லை.

வேடிக்கை ஒன்று. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் பெண் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண் ஆயிரம் ரூபாயும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் கிடைக்கின்றன. அதனால் ஐந்து வரை தனியார், ஆறிலிருந்து அரசு என்று கணக்குப் போடும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். உயர்நிலைப் பள்ளிக்குக் கூட்டம் திரும்புகிறது. தொடக்கப் பள்ளிதான் தனியாக நிற்கிறது.

#15 எதிர்வாதி · செவ்வாய், பிற்பகல் 1.15

பெரியவர் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. செல்லாயிபேத்தி சொன்னதற்கும் இல்லை. என் பிடிவாதம் வேறு இடத்தில். சாதியையும் புலம்பெயர்வையும் பேசி முடித்த பிறகும் ஒரு சின்னக் கேள்வி மிஞ்சுகிறது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளியில் இருந்த நாட்கள் ஆண்டுக்கு எத்தனை? பயிற்சி, குறுவள மையக் கூட்டம், வாக்காளர் பட்டியல், ஒன்றிய அலுவலகம், மருத்துவ விடுப்பு. எதற்கும் மாற்று ஆள் கிடையாது. அந்த நாட்களில் 43 பிள்ளைகளை ஒருவர் மேய்க்கத்தான் முடியும். இதைக் கேட்க எந்த ஆய்வும் வேண்டாம், ஒரு வருகைப் பதிவேடு போதும்.

#16 சாக்பீஸ் · செவ்வாய், இரவு 8.10

எதிர்வாதி ஐயா, இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே சரியான கேள்வி இதுதான். நான் கேட்டிருக்க வேண்டியது.

இரண்டு பேரும் இருக்கும் நாளில் சமாளித்துவிடலாம். ஒன்று முதல் மூன்று வரை ஒருவர். நான்கும் ஐந்தும் ஒருவர். அரும்புப் பிள்ளைகளுக்கு அட்டை விளையாட்டைக் கொடுத்துவிட்டு மலர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் இருபது நிமிடம் கிடைக்கும். ஒருவர் இல்லாத நாளில் காலை உணவு, வருகைப் பதிவு, எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றம், மதிய உணவு, யாராவது விழுந்தால் மருந்து. பாடம் என்பது கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்வதுதான். வெட்கமாக இருக்கும், வேறு வழி இல்லை.

ஏன் இரண்டு பேர் என்றால், சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எண்ணி நிர்ணயிப்பார்கள். வேன் தெருவுக்குள் வந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் போவார், ஆசிரியர் போனால் வாசிப்பு குறையும், வாசிப்பு குறைந்தால் அடுத்த வேன் வரும்.

கணக்குப்பிள்ளை சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, மாலை நேரத்தில் தெருவிலேயே பாடம் நடந்த இல்லம் தேடிக் கல்வியால். என் பள்ளியில் அதை நடத்திய பெண், பனியன் கம்பெனி வேலையை விட்டு வந்தவர். கூடுதலாக ஓர் ஆள், ஒரு மணி நேரம்.

#17 செல்லாயிபேத்தி · செவ்வாய், இரவு 8.32

என் தங்கையும் அதில் தன்னார்வலராக இருந்தாள். மாதம் ஆயிரம் ரூபாய். ஊர்த்தெருப் பிள்ளைகள் சிலரும் எங்கள் தெருவுக்கு வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் பதிவு செய்து வைக்கிறேன்.

#18 நொய்யல்கரை · வியாழன், இரவு 9.05

நேற்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். எட்டே காலுக்குப் போய்விட்டோம். காலை உணவு நடந்துகொண்டிருந்தது, புதன்கிழமை, வெண்பொங்கல். பிள்ளைகள் வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் தட்டின் ஓரத்தில் மிளகை எல்லாம் பொறுக்கி வரிசையாக அடுக்கி வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். "பதினான்கு" என்று என்னிடம் சொன்னான். பிறகு தெரிந்தது, அவன் வாசிக்காத ஐந்து பேரில் ஒருவன்.

சாக்பீஸ் டீச்சர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். தலைமை ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். "இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, சார்" என்றார். ஐந்து பேரில் மூவர் நடுவில் வந்தவர்கள். இருவர் தொடக்கத்திலிருந்து இருப்பவர்கள். அந்த இருவரையும் தினமும் மதிய உணவுக்குப் பிறகு கால் மணி நேரம் தனியாக வாசிக்க வைக்கிறாராம். ஒருவன் இப்போது சொல் நிலைக்கு வந்துவிட்டான் என்று குறிப்பேட்டைக் காட்டினார்.

எதிர்வாதியின் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. பதிவேட்டையே என் முன்னால் வைத்தார். ஜூன் முதல் இதுவரை, ஒருவர் மட்டும் இருந்த நாட்கள் 29. நேற்றும் அப்படி ஒரு நாள்தான். உதவி ஆசிரியை பயிற்சிக்குப் போயிருந்தார். நான் அங்கே இருந்த இரண்டரை மணி நேரத்தில் உண்மையான பாடம் என்று சொல்லக்கூடியது நாற்பது நிமிடம் நடந்திருக்கும். அதில் பாதியை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நடத்தினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, பாடப் புத்தகத்தைத் தலைகீழாகத் தன் மடியில் பிடித்தபடி, அவர்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரி, விரல் வைத்து வாசித்தாள். தலைகீழாக எப்படி வாசிக்கிறாய் என்றேன். பழகிவிட்டது என்றாள். ஒடிசாக் குடும்பத்துப் பெண். நான்கு ஆண்டுகளாக இங்கே இருக்கிறாளாம்.

என் மகள் அந்த வட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கிளம்பலாம் என்று கூப்பிட்டபோது வரவில்லை.

மனைவிக்குச் சம்மதம். தமிழ் வாசிப்பை வீட்டில் தினமும் நானே பார்த்துக்கொள்வது என்றும், முப்பதாயிரத்தில் பாதியைத் தனியாகப் போட்டு வைப்பது என்றும் பேசியிருக்கிறோம். 29 நாட்கள் என்ற எண் மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. மாமனாரிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும்.

#19 எதிர்வாதி · வியாழன், இரவு 9.20

29 நாட்கள். நான் இருந்தால் சேர்க்க மாட்டேன். ஆனால் பதிவேட்டை எடுத்து வெளியாள் முன்னால் வைத்தாரே, அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் மகன் படிக்கும் பள்ளியில் ஆசிரியர் பெயரைக் கேட்டால்கூட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

#20 சாக்பீஸ் · வியாழன், இரவு 9.45

ஜூன் வரை காத்திருக்காதீர்கள். இப்போதெல்லாம் மார்ச் மாதமே சேர்க்கையைத் தொடங்கிவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் நகல் எடுத்துப் போங்கள். ஏதாவது ஓர் ஆவணம் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. சேர்ந்ததும் கண் பரிசோதனையைக் கேட்டுச் செய்துவிடுங்கள், என்னைப் போல இரண்டரை ஆண்டுகள் விடாமல்.

மேலாண்மைக் குழுவில் இடம் காலியானால் உறுப்பினர் ஆகுங்கள். அந்த 29-ஐத் தீர்மானமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பத் தலைமை ஆசிரியையால் முடியாது, பெற்றோரால் முடியும்.

#21 கணக்குப்பிள்ளை · வியாழன், இரவு 9.58

43-உம் ஒன்றும் 44. மூன்றாவது ஆசிரியருக்கு இன்னும் 17 பேர் வேண்டும், ஆகஸ்ட் 1-க்குள். ஐந்தாம் வகுப்பு வெளியேறுவதைக் கழித்தால் அதற்கும் மேல். உங்கள் தெருவில் ஆறு பேர் என்றீர்களே, அவர்கள் வீட்டு வேன் கட்டணம் இந்த ஆண்டு ஏறுகிறதா?

#22 நொய்யல்கரை · வியாழன், இரவு 10.04

ஏறுகிறது. மாதம் முந்நூறு.